ஃபோர்டு 9என், 8என்: பழைய டிராக்டரை எப்படி இனம் காண்பது?

அமெரிக்காவில் 1939-ல் வந்தது 9என், 1947-ல் வந்தது 8என். உதிரிபாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்துவதால், இரண்டும் கலந்த வண்டிகளே இன்று அதிகம். பெயிண்டை நம்பவே நம்பாதீர்கள். 8என்-க்குத்தான் சிவப்பும் வெளிர்சாம்பலும். 9என் முழுக்க அடர்சாம்பல். ஆனால் ஒரு மதியத்தில் எதையும் எப்படியும் அடித்துவிடலாம்.

நான் முதலில் பார்ப்பது பின்சக்கரத்தின் நடுவை. 9என்-ல் ஆறு போல்ட், 8என்-ல் எட்டு. அடுத்து பிரேக்: 9என்-ல் இடப்பக்க பிரேக், கிளட்சோடு இடது காலடியில் இருக்கும், 8என்-ல் இரண்டு பிரேக்கும் வலப்பக்கம். கியர் 9என்-க்கு மூன்று, 8என்-க்கு நான்கு.

வண்டியின் வரிசை எண் வேண்டுமா? இன்ஜினின் இடப்பக்கம், ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்மூடிக்கு) கீழே, ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கிரீஸும் பெயிண்டும் உதிர்ந்ததும், நட்சத்திரக் குறியோடு பொறித்த எண் தெரியும். இடையில் வந்த 2என்-லும் 9என் என்றே பொறித்தார்கள், கவனம்.

முன் டயர் இரண்டு மாடலுக்கும் 4.00-19 (டயர் அகலமும் ரிம் விட்டமும், அங்குலத்தில்). பின்னால் தொடக்கக்கால 9என்-க்கு 8-32, 8என்-க்கு 10-28. இப்போது கடையில் 11.2-28 என்று கேட்டால், அந்தப் பழைய 10-28 அளவுதான் கிடைக்கும். தினமும் ஓட்ட 8என்-தான் என் தேர்வு. அந்த பிரேக் ஒன்றுக்காகவே.