பிரமிடா, மிட்டாயா, அப்பார்ட்மென்ட்டா? பிள்ளைகளுக்கு நிலப்பிரபுத்துவம் சொல்லித்தரும் வழிகள்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'இடைக்காலம்' பாடம் வந்துவிட்டால், என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் உடனே ஸ்கேலை எடுத்துவிடுவார்கள். நிலப்பிரபுத்துவம், அதாவது மேலே இருப்பவர் நிலம் கொடுத்துக் கீழே இருப்பவரிடம் சேவை வாங்கும் முறை, அவர்களுக்கு ஒரு முக்கோணம், குறுக்கே மூன்று கோடு. உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே நைட்டுகள் என்ற குதிரைவீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். பரீட்சைக்கு அந்தப் படமே தாராளம். ஆனால், "அடித்தட்டில் இருக்கிற அந்த ஆள் திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போவான்?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகளும் படத்தையே உற்றுப் பார்ப்பார்கள். படத்தில் பதில் இருக்காது.

பிரமிடு பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அடங்காதது நிறைய. வில்லியம் மன்னன் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்து, 1086-ல் ஊர் ஊராகக் கணக்கெடுத்தானே, டூம்ஸ்டே கணக்கு, அதில் பதிவானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பண்ணையடிமைகூட அல்ல, முழு அடிமை. முக்கோணத்தில் அவர்களுக்கு இடமில்லை. நகரத்து வியாபாரிக்கு இல்லை. ஊர் ஊராக நிலம் வைத்திருந்த கிறிஸ்தவ மடங்களை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் ஓரத்தில் ஒட்டவைக்கிறோம். எலிசபெத் பிரௌன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், 'நிலப்பிரபுத்துவம்' என்ற சொல்லே ஆய்வாளர்களைத் தப்பான வழியில் இழுத்துப் போகிறது, தூக்கிப் போடுங்கள் என்று 1974-லேயே எழுதிவிட்டார். நம் பாடநூலுக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை.

சரி, இன்றைய வாழ்க்கைக்குள் கொண்டுவந்து சொன்னால் புரியுமே என்று நாலு வழி முயன்று பார்த்தேன்.

முதலில் மிட்டாய். உலகம் முழுக்க வாத்தியார்கள் ஆடிச் சலித்த ஆட்டம் இது. ஐந்து பேர் குடியானவர்கள், ஆளுக்குப் பத்து மிட்டாய். இரண்டு பேர் பிரபுக்கள், ஒருவன் ராஜா. குடியானவர் ஒவ்வொருவரும் ஆறு மிட்டாயை மேலே தள்ள வேண்டும். ஆளுக்குப் பதினைந்து வாங்கும் பிரபுக்கள் ஐந்தை வைத்துக்கொண்டு பத்தை ராஜாவிடம் கொடுக்க வேண்டும். கடைசியில் ராஜா கையில் இருபது, பிரபு கையில் ஐந்து, குடியானவன் கையில் நாலு.

கோபம் வருமா என்றால், நன்றாகவே வரும். அந்த விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு வழியில்லை. பத்து மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டு ஆறைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளைக்கும் நியாயம் அநியாயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் வரலாறு என்று பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு. மிட்டாயை யாரும் விளைவிக்கவில்லை, நான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ராஜாவும் பிரபுவும் கீழே எதுவும் தருவதில்லை. எல்லாவற்றையும்விட, இங்கிலாந்துக் குடியானவனிடம் பிரபு முதலில் கேட்டது விளைச்சலை அல்ல, வேலை நாட்களை. முப்பது ஏக்கர் அளவுக்கு நிலம் வைத்திருந்த வீடு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பிரபுவின் சொந்த வயலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். மிட்டாயை எண்ணலாம், திங்கட்கிழமையை எப்படி எண்ணுவது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ராஜாவாக இருந்த பையன், நான் திரும்பிய நேரம் பார்த்து மூன்று மிட்டாயைத் தன் நண்பனுக்கு மட்டும் நழுவவிட்டான். "ஏன்டா?" என்றால், "நாளைக்கு கிரிக்கெட்ல அவன் என்னை முதல்ல இறக்கணும் மிஸ்" என்றான். அன்றைய ஆட்டத்திலேயே அசல் நிலப்பிரபுத்துவம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

அடுத்தது கம்பெனி. சி.இ.ஓ. ராஜா, மேனேஜர் பிரபு, ஊழியர் பண்ணையாள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு பெண் கேட்டுவிட்டாள்: "பிடிக்கலைன்னா ரிசைன் பண்ணிடலாமே மிஸ்?" அதோடு உவமை படுத்துவிட்டது. கம்பெனிக்காரர் ஆளை வெளியே அனுப்புவார் என்றுதான் நமக்குப் பயம். பிரபுவுக்கோ ஆள் ஓடிப்போய்விடுவான் என்ற பயம். அங்கே நிலத்தோடு சேர்ந்ததுதான் ஆளும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பெனி உதவுகிறது. 1348-ல் கொள்ளைநோய் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபின், கூலியாள் கிடைப்பது குதிரைக்கொம்பானது. மிஞ்சியவர்கள் கூலியை ஏற்றிக் கேட்டார்கள். உடனே 1351-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது: நோய்க்கு முன்னால் என்ன கூலியோ அதற்குமேல் கேட்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. அண்ணன் ஐ.டி.யில் சேரும்போது இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபட்டது.

உணவு டெலிவரி செயலி கொஞ்சம் தேவலை. 'தொழில்நுட்ப நிலப்பிரபுத்துவம்' என்று இப்போது பெரியவர்களே பேசுகிறார்களே. வண்டி ஓட்டுபவருடையது, பெட்ரோல் அவருடையது, விதி மட்டும் செயலியுடையது. குடியானவனுக்கும் மாடு சொந்தம், ஏர் சொந்தம். ஹோட்டல்காரர் ஒவ்வொரு ஆர்டருக்கும் கமிஷன் கட்டுவது, பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் செயலிக்கு முகம் கிடையாது. அன்றைய பிரபுவுக்கு முகம் உண்டு. அவனுக்குக் கீழே நிலம் பெறும் நைட், இரு கைகளையும் கூப்பி அவன் கைகளுக்குள் வைத்து, "இனி நான் உங்கள் ஆள்" என்று மண்டியிட்டுச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் பேரன் என்று நிலம் கைமாறும்போதெல்லாம் அதே சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும். செயலியை நீக்கிவிட்டால் போன் காலி.

இனி நான் மூன்று வாரம் ஆடிய ஆட்டத்துக்கு வருகிறேன். டியூஷன் நடப்பது ஒரு அப்பார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில். அந்தக் கட்டடத்தையே பண்ணை ஊராக்கினோம்.

முதலில் கணக்கெடுப்பு, டூம்ஸ்டே மாதிரியே. ஆளுக்கு ஒரு தாள்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை வண்டி, மிக்ஸி, கிரைண்டர், நாய், மீன்தொட்டி. "மீன் எதுக்கு மிஸ்?" என்றான் ஒருவன். அன்றைக்கு ஒரு மாடோ பன்றியோ கூட விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள் என்று இங்கிலாந்துத் துறவி ஒருவர் ஆண்டுக்குறிப்பில் புலம்பியிருக்கிறார் என்று சொன்னேன். மீனையும் எண்ணி எழுதினான்.

பிறகு விதிகள். கட்டடத்தின் ஓனருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஓனர் வருடத்தில் நாற்பது நாள் ஆயுதத்தோடு போய் நிற்க வேண்டும். அது உங்கள் தலைவலி இல்லை. உங்களுக்கு வாடகை கிடையாது. பதிலாக வீட்டுக்கு ஒருவர், வாரத்தில் மூன்று நாள் ஓனரின் தோட்டத்தில் வேலை. "அவ்வளவுதானா, வாடகையே இல்லையா?" என்று முகம் மலர்ந்தது. இருங்கடா என்றேன். அறுவடைக் காலத்தில் அதற்குமேலும் வேலை, அன்றைக்குச் சாப்பாடு போடுவார்கள். அறுவடைக்கு வெயில் நாளாகப் பார்த்தல்லவா போக முடியும்? நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தால், முதலில் போக வேண்டியது ஓனர் வயலுக்கு. உங்கள் கதிர் அதுவரை நனைந்தபடி நிற்கும். பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொன்னேன்: நாளைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை. இன்றைக்கு முழுக்க ஓனர் பையனுடைய ரெக்கார்டு நோட்டை எழுதிக்கொடுக்க வேண்டும். மிட்டாய் ஆட்டத்தில் வராத மௌனம் அப்போது வந்தது.

மற்ற விதிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தாத்தா இறந்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. இங்கே மாடு ஏது, நல்ல பைக். அக்காவுக்குக் கல்யாணம் என்றால் ஓனருக்குப் பணம். அண்ணன் வேலைக்குப் பெங்களூரு போனால், வெளியூரில் இருப்பதற்காக வருடாவருடம் காசோ சேவலோ. ஓடிப்போனால்? சாசனம் பெற்ற சில நகரங்களில் ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை. பெங்களூருவில் 366 நாள் ஒளிந்திருக்க ஒருவன் அங்கேயே திட்டம் போட ஆரம்பித்தான்.

இந்த ஆட்டத்தின் உயிர் கிரைண்டர்தான். மாவு பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், கூலியாக ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். வீட்டில் திருகைக்கல் வைத்திருந்தால் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில், 1330களின் தொடக்கத்தில், மடத்தின் தலைவர் ரிச்சர்ட் ஊர்க்காரர்களின் கல்லையெல்லாம் பறிமுதல் செய்தார். கடிகாரம் செய்வதில் மகா மேதை அவர், அது வேறு கதை. பறித்த கற்களை என்ன செய்தார் தெரியுமா? மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். மனுக் கொடுக்க உள்ளே போகிற ஊர்க்காரன் தன் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டு போக வேண்டும். "உங்க வீட்டு கிரைண்டர் கல்லைப் பிடுங்கி, கீழே அசோசியேஷன் ஆபீஸ் தரையில பதிச்சுட்டா எப்படி இருக்கும்?" என்றேன். முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பெண், "எங்க அம்மா விடவே மாட்டாங்க" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்த ஆட்டத்துக்கும் ஓட்டைகள் உண்டு. "போலீஸ்ல சொல்ல மாட்டாங்களா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள், அதுதான் பெரிய ஓட்டை. நம் அப்பார்ட்மென்ட்டுக்கு வெளியே அரசாங்கம் இருக்கிறது. அன்றைய பண்ணை ஊரில் வழக்கு நடப்பதே பிரபுவின் கூடத்தில். பண்ணையடிமை தன் பிரபுமேல் நில வழக்கோடு போனால் அரசரின் நீதிமன்றம் கேட்காது. ஆனாலும் பிரபு நினைத்தபடியெல்லாம் ஆட முடியாது. "எங்கள் ஊர் வழக்கம் இது" என்று அதே கூடத்தில் சாட்சி சொல்வது ஊர்க்காரர்கள்தான். இந்த இழுபறியைக் காட்ட ஒருநாள் அப்படியொரு விசாரணைக் கூடம் நடத்திப் பார்த்தேன். யார் சத்தமாகப் பேசினார்களோ அவர்கள் ஜெயித்தார்கள், அவ்வளவுதான்.

மேல்தட்டும் இதில் சரியாக வராது. இங்கிலாந்துக்கு ராஜாவான மூன்றாம் எட்வர்ட், 1329-ல் அமியான் நகரத்தில் பிரெஞ்சு ராஜா முன்னால் அடிபணிந்து உறுதிமொழி கொடுத்தான். பிரான்சில் இருந்த நிலத்துக்கு அவன் அந்த ராஜாவின் ஆள். பிரமிடில் இதை எப்படி வரைவது? கிரிக்கெட்காரப் பையன்தான் காப்பாற்றினான்: "2024 ஐபிஎல்ல மும்பைக்கு ஹர்திக் கேப்டன், ரோஹித் அவருக்குக் கீழ ஆடினாரு. அடுத்த மாசம் வேர்ல்டு கப்ல ரோஹித் கேப்டன், ஹர்திக் அவருக்குக் கீழ." இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆட்டம் நடத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யார் குடியானவர் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், சீட்டுக் குலுக்குங்கள், பாதியில் மறுபடி குலுக்குங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல்தான். சில பிள்ளைகளுக்கு இது ஐரோப்பியக் கதையல்ல, வீட்டுக் கதை. என் வகுப்பில் ஒரு பிள்ளை பாட்டியைப் பற்றி மெதுவாக ஒரு வரி சொன்னாள், மற்றவர்கள் அமைதியானார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொன்னேன். அங்கே ஒருவன் விடுதலைப் பத்திரம் வாங்கினால் அடிமைத்தனம் போகும், சாதி எந்தப் பத்திரத்துக்கும் போகாது. அதற்குமேல் அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை.

கொசுறாக ஒன்று: பண்ணையடிமைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'வில்லன்'. பண்ணையைச் சேர்ந்தவன் என்பதுதான் மூலப் பொருள். சொத்துக்காரர்கள் சொல்லிச் சொல்லியே அது கெட்டவன் என்று ஆகி, நம் சினிமாவரை வந்து சேர்ந்துவிட்டது. இதற்காகவே அந்த வாரம் எல்லாருமே வில்லன் வேஷம் கேட்டார்கள்.

மூன்றாவது வாரம் 1381, இங்கிலாந்துக் குடியானவர்களின் கலகம். தலைக்குப் பன்னிரண்டு பென்னி வரி, ஊர்கள் கிளம்பின. ராஜா இரண்டாம் ரிச்சர்டுக்குப் பதினாலு வயது, என் பிள்ளைகளின் வயது. போன இடமெல்லாம் பண்ணைக் கணக்குச் சுருள்களைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் மடத்துத் தரையைத் தோண்டி, ஐம்பது வருடம் மிதிபட்ட கற்களை எடுத்து உடைத்து, கோவில் பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். பயந்துபோன ராஜா விடுதலைச் சாசனம் எழுதிக் கொடுத்தான். சில வாரத்தில் செல்லாது என்று அறிவித்துவிட்டான்.

பிள்ளைகள் நேராக என் மேஜைக்கு வந்தார்கள். "எங்க கணக்குத் தாள் எங்க மிஸ்?" எடுத்துக் கொடுத்தேன். வண்டி, கிரைண்டர், மீன்வரை எழுதிய எட்டுத் தாளும் சுக்குநூறாகக் கிழிந்தன. எல்லாம் முடிந்தபிறகு, "போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேனே" என்றேன்.

அம்மா விடமாட்டாங்க என்று சொன்ன அந்தப் பெண் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க மிஸ்."