குடியிருப்போர் நடத்தும் உரக்கூடம்: குவியலுக்கு முழு மதிப்பெண், குப்பை வண்டிக்குப் பாதிகூட இல்லை

எங்கள் வட்டாரத்தில் குடியிருப்போரே நடத்தும் உரக்கூடத்துக்குத்தான் இப்போது சமையலறைக் கழிவைக் கொடுக்கிறேன். இடம் மாநகராட்சியுடையது, உழைப்பு அக்கம்பக்கத்தாருடையது.

முதலில் நாற்றம். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்கு மறுநாள் லேசாக வரும். மற்றபடி மண்வாசனைதான். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு கொட்டுகிறார்கள், காற்றுப் போக அடிக்கடி கிளறுகிறார்கள். காற்றில்லாமல் அழுகினால்தான் மீத்தேனும் துர்நாற்றமும். குவியலுக்குள் நீளமான வெப்பமானியைச் செருகிக் காட்டினார் ஒரு தன்னார்வலர்: 58 டிகிரி செல்சியஸ். 55-க்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும். கையை மேலே நீட்டினாலே அனல் தெரிந்தது.

குறையும் இருக்கிறது. இவர்களுக்குச் சருகு போதவில்லை. பூங்காவில் கூட்டிய சருகோ நேராகக் குப்பைமேட்டுக்குப் போகிறது. கேட்டால், பூங்கா ஒரு துறை, குப்பை இன்னொரு துறையாம்! அப்புறம், குப்பை அள்ளும் ஒப்பந்ததாரருக்கு எடைக்குத்தான் பணம். குப்பை குறைந்தால் அவருக்கு வரும்படி குறையும். பிரித்து வைத்த காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒரே வண்டியில் கலந்து அள்ளிப்போவதில் வியப்பென்ன? இடத்துக்கான அனுமதியும் ஓராண்டுக்குத்தான். அதனால் கூரை போட யாரும் துணிவதில்லை.

சலித்த உரம் நமக்கும் தருகிறார்கள். தொட்டிச் செடிக்கு அதை மட்டும் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் மண்ணோடு கலந்து போடுங்கள். சேரலாமா என்றால், தாராளமாக. எலும்பு, எண்ணெய்ப் பண்டம் மட்டும் வாங்க மாட்டார்கள்.