பூட் ஆகும்போது ஏறாத நெட்வொர்க் ஷேர்: காத்திருந்து ஏற்றுவதா, கேட்கும்போது ஏற்றுவதா?

லினக்ஸ் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். நாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புக் கருவி) பெட்டியின் ஷேர் ஏறியிருக்க வேண்டிய கோப்புறை காலியாகக் கிடக்கிறது. டெர்மினலைத் திறந்து ‘மவுண்ட் -ஏ’ (எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருப்பவற்றை ஏற்றும் கட்டளை) என்று அடித்தால் உடனே ஏறிவிடுகிறது. அப்படியென்றால் பாஸ்வேர்டு சரி, அனுமதி சரி, எஃப்எஸ்டேப் வரியும் சரி. மவுண்ட் செய்யப் பார்த்த நேரம்தான் சரியில்லை. இந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது, சம்பா பதிப்பை மாற்றிப் பார்ப்பது எல்லாம் வீண் வேலை.

பூட்டின்போது எல்லாவற்றையும் கிளப்பும் சிஸ்டம்டி, சர்வீஸ்களை வரிசையாக ஒவ்வொன்றாகக் கிளப்புவதில்லை. ‘இதற்குப் பிறகுதான் இது’ என்று யாரும் சொல்லாத எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிடும். இங்கே பலரையும் ஏமாற்றுவது இரண்டு டார்கெட்டுகள், அதாவது பூட்டின்போது எட்ட வேண்டிய நிலைகள். ‘நெட்வொர்க்.டார்கெட்’ என்பது நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’. எழுதப்படும் தீர்வுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில நொடிகளைத்தான் வெவ்வேறு விதமாகக் கையாளுகின்றன.

முதல் வழி, காத்திருப்பது. எஃப்எஸ்டேப்பில் சாதாரண வரி, அதோடு ஆன்லைன் டார்கெட் ஒழுங்காக வேலை செய்வதை உறுதிப்படுத்துவது. என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் (சம்பா) ஆகிய ஷேர் வகைகளை சிஸ்டம்டி தானாகவே நெட்வொர்க் மவுண்ட் என்று அடையாளம் கண்டு, ஆன்லைன் டார்கெட்டுக்குப் பின்னால் வைத்துவிடும். அதனால் எல்லோரும் பரிந்துரைக்கும் ‘_நெட்டெவ்’ (இது நெட்வொர்க் மவுண்ட் என்று சொல்லும் தேர்வு) இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் தேவையில்லை; ஐஸ்கசி (டிஸ்க்கையே நெட்வொர்க்கில் தரும் முறை) வழியாக வரும் டிஸ்க்கில் இருக்கும் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகளுக்குத்தான் அது கட்டாயம். ஆனால் அந்த டார்கெட் தானாகக் காத்திருக்காது. அதற்காகக் காத்திருக்கும் ‘வெயிட்-ஆன்லைன்’ சர்வீஸ் நெட்வொர்க்மேனேஜருக்கு ஒன்று, சிஸ்டம்டி-நெட்வொர்க்டிக்கு ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. உங்கள் கணினியில் எது நெட்வொர்க்கை நிர்வகிக்கிறதோ அதற்குரியது எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் டார்கெட் ஒரு நொடிகூடக் காத்திராமல் தாண்டிப் போய்விடும், மவுண்டும் தோற்கும். ‘மவுண்ட் -ஏ வேலை செய்கிறது, பூட்டில் மட்டும் இல்லை’ என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ராஸ்பெர்ரி பையின் சில பதிப்புகளில் ராஸ்பி-கான்ஃபிக் மெனுவிலேயே பூட்டின்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம், பின்னால் வரும் சர்வீஸ்கள் ஷேரை நம்பிக் கிளம்பலாம் என்பது. பலவீனம், ‘ஆன்லைன்’ என்ற சொல்லை அது நம்புவது. நிலையான ஐபி கொடுத்திருந்தால் முகவரி உடனே அமைந்துவிடும், கணினியும் ஆன்லைன் என்று சொல்லிவிடும். ஆனால் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் பழைய ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும்) முறையில் ஓடினால், போர்ட்டைத் திறக்க 15 நொடி கேட்பதற்கும் 15 நொடி கற்பதற்குமாக மொத்தம் 30 நொடி எடுத்துக்கொள்ளும். அதுவரை ஒரு பாக்கெட்டும் போகாது. இதற்கு மருந்து ஸ்விட்சில்தான் இருக்கிறது: அந்தப் போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட வேண்டும். எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. இரண்டு ஈத்தர்நெட் போர்ட் இருந்து ஒன்றில் கேபிள் இல்லாவிட்டால், நெட்வொர்க்டியின் வெயிட்-ஆன்லைன் அந்தக் காலிப் போர்ட்டுக்காகவும் 120 நொடி உட்கார்ந்திருக்கும். ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று ‘--எனி’ சேர்த்தால் தீரும்.

இன்னொன்று: ஷேர் வரியில் ஐபிக்குப் பதிலாகப் பெயர் இருந்தால், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் தயாராகியிருக்க வேண்டும். ‘.லோக்கல்’ பெயர் என்றால் அதைக் கண்டுபிடித்துத் தரும் அவாஹியும் கிளம்பியிருக்க வேண்டும். ஐபியை நேரடியாகப் போட்டுவிடுவது நல்லது.

சிலர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ‘@ரீபூட்’ போட்டு, 30 நொடி தூங்கிவிட்டு மவுண்ட் செய்யும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். 30 நொடி போதுமா என்பது வெறும் ஊகம், வேறு எந்த சர்வீஸுக்கும் அந்த ஸ்கிரிப்ட் முடிந்ததா என்று தெரியவும் வழியில்லை. இதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, தோற்றாலும் பரவாயில்லை என்று விடுவது. ‘நோஃபெயில்’ சேர்த்தால் பூட் நிற்காது. சேர்க்காவிட்டால், மவுண்ட் 90 நொடி தொங்கும்போது லாகினும் அதோடு தொங்கும். ஆனால் நோஃபெயில் இன்னொன்றையும் எடுத்துவிடுகிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை: ரிமோட் எஃப்எஸ் டார்கெட் (நெட்வொர்க் மவுண்டுகள் ஏறிவிட்டன என்று சொல்லும் நிலை) அந்த மவுண்டுக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிடும். அப்போது டாக்கர் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனி அறைகளில் ஓட்டும் மென்பொருள்) முந்திக்கொண்டு கிளம்பினால் கண்டெய்னர் காலிக் கோப்புறையைப் பார்க்கிறது, அதில் எழுதவும் ஆரம்பிக்கிறது. தரவு நாஸுக்குப் போகாமல் உள்ளூர் டிஸ்க்கில் சேர்கிறது. பிறகு ஷேர் ஏறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்கு அது தெரியாது, ஏனென்றால் ஹோஸ்டில் புதிதாக ஏறும் மவுண்டுகளை இயல்பாகவே அது உள்ளே வாங்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நெட்வொர்க் ஷேர் தவறுகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான்.

என்எஃப்எஸ்ஸில் ‘பிஜி’ என்ற தேர்வு உண்டு. சிஸ்டம்டி அதைப் பார்த்தால் நோஃபெயில் சேர்த்து, காலவரம்பை எடுத்துவிட்டு, 10,000 நிமிடம் வரை முயன்றுகொண்டே இருக்கச் சொல்கிறது. சம்பா ஷேருக்கு இந்த வசதி இல்லை; சர்வர் கிடைக்காவிட்டால் மவுண்ட் அங்கேயே முடிந்தது.

மூன்றாவது வழி, கேட்கும்போது ஏற்றுவது. எஃப்எஸ்டேப் வரியில் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்று சேர்த்தால் பூட்டின்போது ஷேர் ஏறாது, அந்த இடத்தில் ஒரு காவல் மட்டும் நிற்கும். யாராவது கோப்புறைக்குள் நுழைந்தால், அவரை நிறுத்தி வைத்துவிட்டு மவுண்ட் நடக்கும். வரிசைச் சிக்கலே இங்கே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. லாகின் செய்த பிறகே இணையும் வைஃபை உள்ள மடிக்கணினிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, எத்தனை காத்திருந்தாலும் பூட்டின்போது அங்கே நெட்வொர்க் வராது.

இந்த வழியை நான் முன்வைக்கக் காரணம் இதைவிட அடிப்படையானது. சிஸ்டம்டியின் வரிசை ஒரே கணினிக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். ஷேர் இருப்பதோ இன்னொரு பெட்டியில். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்; டிஸ்க்குகளைச் சுழற்றி, ரெய்டைச் சரிபார்த்து நாஸ் தயாராவதற்குள் இந்தப் பக்கம் பூட் முடிந்திருக்கும். ‘இதற்குப் பிறகு’ என்று சொல்லும் ‘ஆஃப்டர்’ வரிகளை எத்தனை எழுதினாலும் நாஸ் சீக்கிரம் வந்துவிடாது. தாமதமாகக் கேட்பதும் திரும்பத் திரும்பக் கேட்பதும்தான் அங்கே உதவும்.

குறை இல்லாமல் இல்லை. நாஸ் அணைந்திருந்தால் கோப்புறையைத் தொட்ட நிரல் உறைந்து நிற்கும். அதற்கு ‘மவுண்ட்-டைம்அவுட்’டைக் குறைத்து வையுங்கள். குறுகிய நேரத்தில் பலமுறை தோற்றால் ஆட்டோமவுண்ட் யூனிட்டே தோல்வி நிலைக்குப் போய்விடும். நாஸ் வந்த பிறகும் நீங்கள் கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆட்டோஎஃப்எஸ் இதே யோசனையின் மூத்த வடிவம். ஒரே வரியில் நட்சத்திரக் குறி போட்டு நூற்றுக்கணக்கான மாணவர்களின் ஹோம் கோப்புறைகளை ஏற்றலாம், எது எங்கே ஏற வேண்டும் என்ற பட்டியலை (மேப்) எல்டாப் என்ற மையப் பதிவேட்டில் வைக்கலாம். கல்லூரி லேபுக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் பதிவேட்டிலிருந்து தகவல் எடுத்துத் தரும் எஸ்எஸ்எஸ்டி தயாராகும் முன் அது மேப்பைப் படிக்கப் போனால் பழைய வரிசைச் சிக்கல் புதிய இடத்தில் முளைக்கும். ஒன்றிரண்டு ஷேருக்காக இதை நிறுவ வேண்டியதில்லை.

தரவு எழுதும் சர்வீஸ் இருந்தால் என் பதில் மாறும். அந்த சர்வீஸின் யூனிட் கோப்பில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ என்று கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். ஷேர் ஏறாமல் சர்வீஸ் கிளம்பாது. சாதாரண மவுண்டோடு இதைச் சேர்த்தால் ஒரு பிரச்சினை: மவுண்ட் தோற்றால் சர்வீஸும் தோற்கும், ‘ரீஸ்டார்ட்’ வரி அதை மறுபடி எழுப்பாது. என்எஃப்எஸ் என்றால் பிஜியோடு சேர்ப்பேன். மவுண்ட் முயன்றுகொண்டே இருக்கும், சர்வீஸ் அதன் பின்னால் காத்திருக்கும், எஸ்எஸ்எச் வழக்கம்போல் உள்ளே விடும். விபிஎன் வழியாக வரும் ஷேர் என்றால் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ரிக்வயர்ஸ்’ போட்டு அந்த விபிஎன் சர்வீஸின் (வயர்கார்டு போன்றது) பெயரையும் எழுத வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் எஃப்எஸ்டேப்பை மாற்றிய பிறகு, சிஸ்டம்டி அதைத் திரும்பப் படிக்க ‘டீமன்-ரீலோட்’ செய்யுங்கள். அப்புறம் ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்’ கட்டளையில் மவுண்ட் யூனிட்டின் பெயரைக் கொடுத்தால் அது எதற்குப் பின்னால் எத்தனையாவது நொடியில் நடந்தது என்று தெரியும். கடைசியாக, நாஸை அணைத்து வைத்துவிட்டு கணினியை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், லாகின் வந்த பிறகு நாஸை இயக்குங்கள். அதற்குப் பிறகு கையால் எதுவும் செய்யாமல் ஷேர் ஏறுகிறதா, சர்வீஸ் எழுகிறதா என்று பாருங்கள்.