நன்னடத்தை அறிக்கைகளை அடித்துத் தரும் நாகர்கோவில் கடை

நன்னடத்தைக் கண்காணிப்பில் (புரொபேஷன்) இருக்கும் இளைஞர்களைப் பற்றி, சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு நான் அளிக்கும் முன்னேற்ற அறிக்கைகளை, நாகர்கோவிலில் நீதிமன்றத்துக்கு அருகில் உள்ள ஒரு தட்டச்சுக் கடையில்தான் ஓராண்டாக அடித்து வாங்குகிறேன். பக்கத்துக்கு 30 ரூபாய். ஒருங்குறியில் (யூனிகோடு) அடிப்பதால் அலுவலகக் கணினியில் திறக்கும்போது எழுத்துகள் சிதைவதில்லை.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்வதால், பெயர், ஊர், பெற்றோர் விவரங்களுக்கான இடங்களை வெறுமையாக விடச் சொல்லி, பின்னர் நானே பேனாவால் நிரப்புகிறேன். கடைக்காரர் இதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கோப்பை என் பென் டிரைவில் ஏற்றியதும் தம் கணினியில் இருப்பதை என் கண்முன்னே அழித்துவிடுகிறார். ஆனால் திரை வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அதை அவர் கட்டாயம் திருப்பி வைக்க வேண்டும்.

இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. விசைப்படகில் வேலை செய்யும் ஓர் இளைஞரைப் பற்றி, "ஜூன், ஜூலை மாதங்களில் வேலைக்குச் செல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "சார், அது தடைக்காலம்லா? அதையும் சேத்துப் போடுங்க" என்றார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்பது குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த குழும நடுவர் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால், அந்த இளைஞர் வேலைவெட்டியின்றித் திரிந்ததாகவே எண்ணக்கூடும். கண்காணிப்பு மூன்றாண்டுகள் வரை நீளக்கூடிய நிலையில், இத்தகைய ஒரு வரி ஒருவரை எவ்வளவு காலம் பின்தொடரும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கத் தவறியிருந்தேன்.

குறையும் பெரியதே. அவசரமான நாள்களில் முந்தைய அறிக்கையைத் திறந்து அதன்மேலேயே புதியதை அடிக்கிறார்கள். அப்படித்தான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரின் அறிக்கையில் "ஐ.டி.ஐ. வகுப்புக்குத் தவறாமல் செல்கிறார்" என்ற வேறொருவருடைய வரி தங்கிவிட்டது, கையொப்பமிடும் முன் கண்டுபிடித்தேன். மனுக்கள் அடித்த பழக்கத்தில் தலைப்பில் "குற்றவாளி" என்றும் ஒருமுறை போட்டுவிட்டார்கள். பழிதூற்றும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று என்று எடுத்துச் சொன்னேன். அதன்பின் அந்தச் சொல் வரவே இல்லை.

காலையில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களின் கூட்டம் நெருக்கும். மாலை நான்கு மணிக்குமேல் சென்றால், அருகில் அமர்ந்து வரிவரியாகச் சரிபார்த்து வாங்கலாம்.