ஸ்டாஃபா தீவுக்கு டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போயிருந்தோம், நான், மனைவி, பத்து வயது மகள். மனைவிக்கு ஸ்டாஃபா தீவின் ஃபிங்கல் குகையைப் பார்க்க வேண்டும். 1829-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் போன இடம், அந்தப் பயணத்தில்தான் அவருடைய 'ஹெப்ரிடீஸ்' என்ற இசைப் படைப்பு பிறந்தது. மகளுக்கு பஃபின். வண்ண அலகோடு இருக்கும் அந்தக் கடற்பறவையைப் படம் வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு இணையதளத்தில் ஒருநாள் சுற்றுலா எடுத்தேன், மூன்று பேருக்கு 285 பவுண்டு. ஸ்டாஃபாவில் ஒரு மணி நேரம் இறங்கலாம், பஃபின் பார்ப்பது உறுதி, பிறகு ஐயோனா மடாலயம் என்று போட்டிருந்தார்கள். அவர்களே படகு ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் என் தவறு. அவர்கள் இடைத்தரகர். கப்பல், பேருந்து, படகு என்று மூன்றையும் வேறு வேறு ஆட்களிடம் வாங்கி மேலே விலை வைத்து விற்கிறார்கள்.

ஓபன் என்ற ஊரின் துறைமுகத்திலிருந்து மல் தீவுக்குக் கப்பல், அங்கிருந்து ஒற்றைத் தடச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். சாலையின் கடைசியில் ஃபின்னஃபோர்ட், அங்கேதான் படகு. ஏறும்போதே படகுக்காரர் சொல்லிவிட்டார், இன்று அலை பெரிதாக இருக்கிறது, ஸ்டாஃபாவில் இறக்க முடியாது, சுற்றிக் காட்டுகிறேன் என்று. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அங்கே தூண் தூணாக நிற்கும் பாறைகள் ஈரத்தில் வழுக்கும், அலை இருக்கும்போது ஆட்களை இறக்காமல் இருப்பதுதான் சரி. குகை வாயைக் கடலிலிருந்தே பார்த்தோம், அறுகோணத் தூண்கள் வரிசையாக நிற்க, உள்ளே அலை போய் முட்டும் சத்தம் படகுக்கே கேட்டது. மனைவி ஒன்றும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பஃபின் எங்கே என்று மகள் கேட்டாள். அவை ஏப்ரல் வாக்கில் கூடு கட்ட வந்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்பக் கடலுக்குப் போய்விடும் என்று படகில் இருந்தவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். வானிலையை யாராலும் சொல்ல முடியாது, சரி. ஆனால் எல்லா வருடமும் ஆகஸ்ட் முதல் வாரத்தோடு கிளம்பிவிடும் பறவையை மூன்றாவது வாரத்துக்கு "உறுதி" என்று விற்றது ஏமாற்று வேலைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. அவள் படகின் ஓரத்தில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஐயோனா. 563-ல் புனித கொலம்பா அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த தீவு, எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது 50 நிமிடம். மடாலய வாசலில் போனால் உள்ளே போகத் தனி டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் கட்டிய பணத்தில் இருந்தது தீவுக்குப் போகும் படகுக் கட்டணம் மட்டும்தானாம். எடுத்தாலும் பார்க்க நேரமில்லை, சிலுவையைப் பார்த்துவிட்டுத் துறைக்கு ஓடினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரிப் பதில். பஃபினைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதிலே இல்லை. இறக்க முடியாத நாளில் தன்னிடம் நேராக டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகப் படகுக்காரர் சொன்னார், இடையில் இருந்தவர் அதையும் எங்களுக்குத் தரவில்லை.

போகிறவர்கள் படகுக்காரரிடமே நேராக எடுங்கள், இறக்க முடியாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பஃபினுக்கு மே, ஜூன் நல்லது, ஜூலை நடுவுக்குள்ளாவது போய்விடுங்கள். முடிந்தால் மல்லிலோ ஐயோனாவிலோ இரவு தங்குங்கள், ஒரு நாள் அலை அடித்தாலும் மறுநாள் இருக்கும். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தற்செயலாக வைத்திருந்தேன், அதை இணைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் ஆகஸ்ட் கடைசி வரை பஃபின் உறுதி என்றுதான் இருக்கிறது.