காசிமேட்டு டீசல் பட்டறையில் ஃபைவ் எஸ்: நாலு வருஷ அனுபவம்

2021 மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு எங்கள் பட்டறையில் ஃபைவ் எஸ் ஆரம்பித்தோம். விசைப்படகு இன்ஜின் பிரித்து மாட்டும் இடம், ஐந்து பேர் வேலை. வேண்டாததைக் கழிப்பது, வேண்டியதற்கு இடம் வைப்பது, துடைப்பது, அதையே வழக்கமாக்குவது, விடாமல் பிடிப்பது என்று ஜப்பான் தொழிற்சாலைகளிலிருந்து வந்த முறை அது.

சுவரில் பிளைவுட் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் மஞ்சள் பெயிண்டில் வரைந்தோம். ஒருநாள் சாயங்காலம் ஷட்டர் இறக்கப் போகையில், அன்று ஒரு படகு வேலைக்கு எடுத்துப்போன 24 ரிங் ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தது. "தம்பி, அந்த போட்டு ராத்திரியே கடலுக்குப் போவுதே!" என்றார் மேஸ்திரி. ஓடினோம். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, இன்ஜின் சட்டத்தின் மேல் கிடந்தது ஸ்பேனர். அலையில் உருண்டு உள்ளே விழுந்திருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. முன்போல பெட்டியில் கொட்டி வைத்திருந்தால் மறுநாள்தான் தேடியிருப்போம். வேறு எதையும் செய்யாவிட்டாலும் அந்தப் பலகையை மட்டும் எல்லாப் பட்டறையும் அடிக்கவேண்டும்.

ஆனால் முதல் பலகையை நான் சைஸ் வரிசையில் அடுக்கியது தப்பு. "இன்ஜெக்டர் கழட்ட நாலு தடவ நடக்கணும் தம்பி" என்று மேஸ்திரி சொன்ன பிறகு, வேலைவாரியாக மாற்றினோம். இன்னொரு குறை, உப்புக்காற்று. திறந்தபடி தொங்கும் சாமான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. சனிக்கிழமைதோறும் ஆயில் துணியால் துடைத்தே ஆகவேண்டும்.

செம்பு வாஷர், ஓ-ரிங்குக்கு இரண்டு டப்பா முறை வைத்தோம். முதல் டப்பா காலியானால் அது கணக்கு மேஜைக்கு வந்துவிடும், இரண்டாவதிலிருந்து எடுத்தபடியே ஆர்டர் போட்டுவிடுவோம். இதுவரை சிக்கல் இல்லை.

பெரிய அடி வாங்கியது கழிப்பதில்தான். ஆறு மாதம் தொடாததற்கு, கழிக்கவேண்டியது என்று காட்டச் சிவப்பு அட்டை மாட்டுவது விதி. அப்படி ஒரு பழைய வாட்டர் பம்ப் ஹவுசிங்கை எடைக்குக் காயலான் கடையில் போட்டேன். எட்டு மாதம் கழித்து அதே மாடல் இன்ஜினோடு ஒரு படகு வந்தது. அந்த உருப்படி கடைகளில் வருவதே நின்றுபோயிருந்தது. படகு 11 நாள் கரையில் நின்றது, அத்தனை நாளும் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லை. கார் கம்பெனிக்குச் சரியாக இருக்கும் விதி பழைய இன்ஜினை நம்பிப் பிழைக்கிற இடத்துக்குப் பொருந்தாது. இப்போது சிவப்பு அட்டை மேஸ்திரி கையில். அவர் தலையாட்டாமல் எதுவும் வெளியே போகாது.

தரையில் போட்ட மஞ்சள் கோடு டீசல் பட்டு இரண்டே மாதத்தில் உரிந்தது. பட்டறை ஒழுங்குக்கு நாங்களே போட்ட மாதாந்திர மார்க் ஷீட்டில் எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டோம், நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலத்தில்தான் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ரிப்பேருக்கு வரும். அப்போது கூட்டிப் பெருக்குவதெல்லாம் தவறத்தான் செய்கிறது. ஒன்றை மட்டும் விடுவதில்லை: பிரித்த சாமானைப் போட படகுக்கு ஒரு டிரே, அதன்மேல் சாக்பீஸில் படகு நம்பர். பழைய எம் 10 (10 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 17 ஸ்பேனர், புதுசில் சிலதுக்கு 16. இரண்டும் கலந்துவிட்டால் பிரிப்பதற்கே அரைநாள் போய்விடும்.