நாலு மாசம் நின்ற கார், ஒன்பது பஞ்சர்

காரைத் திருநெல்வேலி வீட்டில் நிறுத்திவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்கு வந்து வண்டியை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை வீட்டு வேப்பமரத்தடியில் என் கார் மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை நின்றது. உறை போட்டிருந்தேன், அவ்வளவுதான். வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது, முன்பக்க இடது டயர் தரையோடு பிதுங்கி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். பங்கில் காற்றுப் பார்த்தால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 11. நிரப்பிக்கொண்டு, வள்ளியூரில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம்.

மூன்றடைப்பு தாண்டியதும் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. தடதடவென்று ஆட்டம் வேறு. நான்கு வழிச்சாலை ஓரம் ஒரு பஞ்சர் கடை தென்பட, நிறுத்தினேன். இறங்கியதும் இறங்காததுமாக "நாலு மாசமா ஓட்டலை தம்பி" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "அதான் சார், நின்ன டயர்ல சின்னச் சின்னதா ஓட்டை விழுந்துரும்" என்றான். தலையாட்டிவிட்டு, வெயில் தாங்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் டயர் முழுக்க சோப்பு நுரை. ஏழு குமிழிகளை விரலால் தொட்டு எண்ணிக் காட்டினான். எட்டாவது என் கண் முன்னாலேயே வந்தது. நுரையைத் துடைப்பது போலத் துணியோடு கை போனது, துணி மடிப்பில் குத்தூசி முனை லேசாக மின்னியது, கையை எடுத்த இடத்தில் புதுக் குமிழி. கண் பார்த்துவிட்டது, புத்திக்கு ஏற அரை நாள் ஆனது. மொத்தம் ஒன்பது, ஒன்றுக்கு 150 ரூபாய். பின் சீட்டிலிருந்து மைனி "பந்தி முடிஞ்சிரும்" என்று அவசரப்படுத்த, 1,350 ரூபாயைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் வழக்கமான கடை அண்ணாச்சி டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு சாண் இடத்துக்குள், ஓட்டையை அடைக்கத் திணித்த ஒன்பது ரப்பர் திரி. "ஆணி என்ன, ஸ்கேல் வச்சா குத்தும்?" என்றார். அதில் இரண்டு ஓட்டை, தரையில் படும் பட்டன் பகுதியைத் தாண்டிப் பக்கவாட்டில். ஓடும்போது டயர் மடங்கி நிமிரும் இடம் அது, திரி நிற்காது. டயரே போச்சு. புதுசு 4,800.

உண்மையில் காற்று இறங்கிய இடம் வால்வு. அதன் ரப்பர் வெடித்திருந்தது, நூறு ரூபாய் வேலை. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தானாகவே குறையும், ஆனால் சும்மா நிற்பதால் ஓட்டை விழாது. அந்தத் தடதடப்பும் பஞ்சர் இல்லை. காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்றதில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. லேசானதாக இருந்தால் கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடுமாம்.

பஞ்சர் கடையில் டயரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். குமிழி வந்த இடத்தில் ஆணியோ முள்ளோ இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். திரி போடும் முன் ஓட்டைகளைச் சாக்பீஸால் வட்டமிட்டு போட்டோ எடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வண்டியை நிறுத்திவைப்பதில் இப்போது இவ்வளவுதான் செய்கிறேன்: பேட்டரி மைனஸைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை அப்பா பேட்டரியை மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, காற்றும் பார்த்துவிடுகிறார்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் அன்றைக்கே திறந்து பார்த்தேன். அதில் காற்று 9தான் இருந்தது. வள்ளியூர் போய்ச் சேர்ந்தபோது சொதிப் பாத்திரத்தில் முருங்கைக்காய்த் துண்டு நாலுதான் மிச்சம்.